வெறிச்சோடிய சதுக்கத்திற்கு மடக்கு நாற்காலி: ஒரு மதிப்பீடு

ஆளரவம் இல்லாமல் கிடக்கும் நகரச் சதுக்கத்தைச் சீர்படுத்தப் போகிறோம் என்று ஒரு நகர நிர்வாகம் தீர்மானம் போட்டதும் அதன் மேசைக்கு வந்து குவியும் விலைப்பட்டியல்களில் பளபளக்கும் கிரானைட் தரை இருக்கும், வண்ண விளக்கு பொருத்திய நீரூற்று இருக்கும், ஊரின் பெயரை ஆளுயர எழுத்துகளில் நிறுத்தி வைக்கும் பலகை இருக்கும், கலை நிகழ்ச்சிகளுக்கான மேடையும் இருக்கும். அந்தப் பட்டியல்களின் கடைசிப் பக்கத்தில், 'இதர பொருட்கள்' என்ற தலைப்பின் கீழ் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு பொருளை இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்டிருக்கிறேன். தரையோடு பிணைக்கப்படாத, ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய, எஃகுச் சட்டமும் பட்டைகளும் கொண்ட மடக்கு நாற்காலிதான் அது. வீட்டு மொட்டை மாடியில் போட்டால் எப்படி இருக்கும் என்பதைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. குறுக்கே கடந்து போவதற்கு மட்டுமே பயன்படும் ஒரு வெட்டவெளியில் யாரையாவது அரை மணி நேரம் உட்கார வைக்க இதனால் முடியுமா என்று மட்டுமே பார்த்திருக்கிறேன். முடியும் என்பது என் முடிவு. ஆனால் நாற்காலியோடு அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் சேர்த்து அமர்த்த வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பொருளைப் பற்றி முதலில். கத்தரிபோலக் குறுக்காக மடியும் கால்கள், உட்காருமிடத்தில் ஐந்தாறு எஃகுப் பட்டைகள், முதுகுக்கு இரண்டு பட்டைகள். இவ்வளவுதான் இதன் உடல். இந்த வடிவம் புதியது அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், தெருவோரத்தில் பானம் விற்றவர்கள் விரித்துப் போடவும் விரைவில் மடக்கி எடுத்துப் போகவும் ஏற்றதாக, 'சிம்ப்ளெக்ஸ்' என்ற பெயரில் பிரான்சில் உருவானது. ஃபெர்மோப் என்ற பிரெஞ்சு நிறுவனம் இன்றும் இதைத் தயாரித்து வருகிறது. நியூயார்க் நகரின் பிரையன்ட் பூங்காவில் பச்சை வண்ணத்தில் பரவிக் கிடப்பவை அந்த நாற்காலிகளே. இதே அமைப்பில் வேறு பல நிறுவனங்களும் செய்கின்றன என்பதால், இங்கே சொல்வதைக் குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் பொருளைப் பற்றியதாகக் கொள்ளாமல், இந்த வகையைப் பற்றியதாகக் கொள்வதே சரி. பட்டைகளுக்கு இடையில் இடைவெளி இருப்பதால் மழைநீர் தேங்காது. ஒரு துணியால் துடைத்தால் உடனே உட்காரலாம். மடக்கி அடுக்கினால் ஒரு சிறிய அறையில் நூறு நாற்காலிகளை வைத்துப் பூட்டிவிடலாம். அழகு என்று பார்த்தால் பெரிதாக எதுவும் இல்லை, ஆனால் கண்ணை உறுத்தவும் செய்யாது.

இந்த எளிய பொருளுக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்குக் காரணம் நியூயார்க்கில் நடந்த ஒரு நீண்ட பரிசோதனை. 1961-இல் அந்நகரம் ஒரு கட்டட விதியைக் கொண்டு வந்தது. தன் கட்டடத்தின் முன்னால் பொதுமக்களுக்கென ஒரு திறந்தவெளியை விடும் உரிமையாளர், அதற்கு ஈடாகக் கூடுதல் தளப்பரப்பைக் கட்டிக்கொள்ளலாம் என்றது அந்த விதி. கட்டடங்கள் உயர்ந்தன, திறந்தவெளிகளும் கிடைத்தன, ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் ஆள் இல்லை. ஏன் என்று கண்டறிய 1970-களின் தொடக்கத்தில் வில்லியம் வைட் என்ற ஆய்வாளர் ஒரு சிறு குழுவை அமைத்து, கூரைகளின் மேல் கேமராக்களைப் பொருத்தி, யார் எங்கே எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்பதைப் பதிவு செய்தார். வெயில் விழும் இடங்களில்தான் கூட்டம் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள், அது பொருந்தவில்லை. இடத்தின் வடிவம், மொத்தப் பரப்பு, கட்டடக் கலையின் நேர்த்தி எதுவும் கூட்டத்தின் அளவோடு ஒத்துப்போகவில்லை. கடைசியில் ஒத்துப்போனது, கேட்டால் சிரிப்பு வரும் அளவுக்கு வெளிப்படையான ஒன்று: உட்கார எவ்வளவு இடம் இருக்கிறதோ அந்த அளவுக்கு மக்கள் உட்கார்ந்தார்கள். இந்த ஆய்வின் விளைவாக 1975-இல் அந்த விதி திருத்தப்பட்டு, ஒவ்வொரு 30 சதுர அடித் திறந்தவெளிக்கும் ஓர் அடி நீள இருக்கையாவது இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கப்பட்டது.

அதே பதிவுகளில் வைட் கவனித்த இன்னொரு சிறிய செய்தியே இந்த நாற்காலிக்குக் கிடைத்த மிகச் சிறந்த நற்சான்று என்பேன். காலியாக இருக்கும் ஒரு நாற்காலியை நோக்கி ஒருவர் வருகிறார். உட்காருவதற்கு முன் முதுகுச் சட்டத்தைப் பிடித்து அதை இரண்டு மூன்று அங்குலம் நகர்த்துகிறார். சில வேளைகளில் நகர்த்திய நாற்காலி ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பழைய இடத்திற்கே வந்து நிற்கிறது. வெயிலுக்காகவும் இல்லை, நிழலுக்காகவும் இல்லை. முன்பின் அறியாதவர் அருகில் உட்கார நேரும்போது அந்த அங்குல நகர்வு, 'உங்கள் இடத்தில் நான் குறுக்கிடவில்லை' என்று வாய் திறக்காமல் தெரிவித்துவிடுகிறது. எந்தச் சதுக்கத்தில் இவ்வகை நாற்காலி போடப்பட்டிருந்தாலும் சிறிது நேரம் நின்று பார்த்தால் இதை நீங்களும் காணலாம். தனக்கென ஓர் இடத்தைத் தானே அமைத்துக்கொண்டவர் அவ்வளவு எளிதில் எழுந்து போவதில்லை.

கல் பெஞ்சோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு துலக்கமாகத் தெரியும். நான்கு பேர் உட்காரும் நீளத்தில் போடப்பட்ட ஒரு பெஞ்சில் தனியே வந்த ஒருவர் ஓரத்தில் உட்காருவார். அடுத்து வருபவர் மறு ஓரத்தில் உட்காருவார். நடுவில் இரண்டு பேருக்கான இடம் இருந்தும் மூன்றாமவர் தயங்கிக் கடந்து போய்விடுவார். நண்பர்கள் நால்வர் வந்தாலோ வரிசையாக உட்கார்ந்து பேச முடியாமல், இருவர் உட்கார, இருவர் எதிரே நின்றபடி பேசுவார்கள். பெஞ்சு எந்தத் திசையை நோக்கிப் போடப்பட்டதோ அந்தத் திசையையே உட்காருபவரும் பார்த்தாக வேண்டும். வடிவமைத்தவர் வரைபடத்தில் சமச்சீராகத் தெரிய வேண்டும் என்பதற்காக அதைச் சுவரைப் பார்த்தபடி வைத்திருந்தால் அதற்கு மருந்து இல்லை. மடக்கு நாற்காலியில் இந்தச் சிக்கல்கள் எதுவும் எழுவதில்லை: நிழல் நகர்ந்தால் நாற்காலியும் நகரும், ஆள் சேர்ந்தால் வட்டம் பெரிதாகும், தனிமை வேண்டியவர் மரத்தடிக்கு எடுத்துப் போய்விடுவார். பெஞ்சே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓர் அடி முதல் மூன்று அடி வரை உயரமுள்ள எந்தத் திண்டிலும் மக்கள் உட்காருவார்கள் என்பதும் வைட்டின் குழு கண்டதே. ஆகவே படிகளையும் மரத்தைச் சுற்றிய திண்டுகளையும் உட்காரும் உயரத்தில் கட்டிவிட்டால் கூட்டம் மிகும் நாள்களில் அவை கைகொடுக்கும். நான் தீர்மானமாக எதிர்ப்பது இந்த நாற்காலியின் போலியை. தனித்தனி நாற்காலிகளாகச் செய்து, இடைவெளி விட்டு, அடியில் திருகாணி போட்டு இறுக்கி விற்கிறார்கள். பார்வைக்கு நாற்காலிபோல இருக்கும், நகராது. இருவர் பேசுவதற்கு அந்த இடைவெளி அதிகமாகவும், அறியாத இருவருக்குக் குறைவாகவும் அமைந்துவிடுவதால் அது யாருக்கும் உதவாத பொருளாகிவிடுகிறது.

பிரையன்ட் பூங்காவை இந்த நாற்காலியின் வெற்றிக்கதையாகச் சொல்வது வழக்கம். அதில் உண்மை இருந்தாலும் கதை அவ்வளவு எளியது அல்ல. 1970-களில் அந்தப் பூங்கா போதைப்பொருள் விற்பனைக்குப் பெயர் போனதாக இருந்தது. தெரு மட்டத்திலிருந்து உயர்ந்தும், வேலிகளாலும் உயரமான புதர்களாலும் மறைந்தும் இருந்ததால் உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது; உள்ளே போனவர் எளிதில் வெளியேறவும் முடியாது. 1980-இல் இதற்கெனத் தனி அமைப்பு உருவாக்கப்பட்டு, 1988-இல் பூங்கா மூடப்பட்டு, புதர்கள் நீக்கப்பட்டு, நுழைவாயில்கள் அகலப்படுத்தப்பட்டு, 1992-இல் மீண்டும் திறக்கப்பட்டது. நாற்காலிகள் அதன் பிறகே வந்தன. அவற்றோடு நாள்தோறும் குப்பை அள்ளும் பணியாளர்களும், சிற்றுண்டிக் கடைகளும், புதிய மலர்கள் வைக்கப்பட்ட பொதுக் கழிப்பறையும் வந்தன. எனவே, வேலிக்குள் ஒளிந்து கிடக்கும் ஓர் இடத்தில் நாற்காலியை மட்டும் கொண்டு போய்ப் போட்டால் அடுத்த வாரம் நாற்காலியும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டார். கழிப்பறையை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சிறு குழந்தையோடு வரும் தாயும் வயதானவர்களும் ஓர் இடத்தில் எவ்வளவு நேரம் தங்குவது என்பதை அதுவே முடிவு செய்கிறது. சதுக்கச் சீரமைப்புத் திட்டங்களில் அது விடுபடும் அளவுக்கு வேறெதுவும் விடுபடுவதில்லை.

நாற்காலியின் இன்னொரு பயன், கட்டுமானத்திற்கு முன்பே ஒத்திகை பார்க்க உதவுவது. 2009 மே மாதத்தில் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் பிராட்வே சாலையின் ஒரு பகுதி வாகனங்களுக்கு மூடப்பட்டபோது, நிரந்தர இருக்கைகள் வந்து சேராததால், கடையில் கிடைத்த மலிவான பிளாஸ்டிக் நாடா நாற்காலிகளை நூற்றுக்கணக்கில் வாங்கி நடுச்சாலையில் விரித்தார்கள். மக்கள் உடனே வந்து உட்கார்ந்தார்கள். சாலையை மூடியது சரியா என்று நடந்திருக்க வேண்டிய வாக்குவாதத்தில் பெரும்பகுதி அந்த நாற்காலிகள் அசிங்கமாக இருக்கின்றனவா இல்லையா என்பதாக மாறிப்போனது. (நகர நிர்வாகத்திற்கு இதைவிடப் பெரிய நல்வாய்ப்பு அமைந்திருக்க முடியாது.) மறு ஆண்டில் அந்த ஏற்பாடு நிரந்தரமாக்கப்பட்டு, தரையைப் பெயர்த்துப் புதிதாகக் கட்டும் வேலை அதன் பின்னரே தொடங்கியது. இந்த வரிசைமுறையே சரியானது. நாற்காலிகளைப் போட்டு, ஒரு பருவம் முழுவதும் பார்த்து, மக்கள் அவற்றை எங்கே கொண்டு போகிறார்கள் என்பதை அறிந்து, பிறகு தரையையும் மரத்தையும் திட்டமிட்டால் செலவில் ஏமாற்றம் குறையும். கிரானைட்டைப் பதித்த பிறகு, அங்கே யாரும் நிற்பதில்லை என்று தெரிய வந்து பயனில்லை.

இதனால் தீர்க்க முடியாதவையும் உண்டு. மிகப் பெரிய சதுக்கம் முதல் சிக்கல். டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் யான் கெல் பல ஆண்டுகளாக எடுத்துரைத்து வருவதைப் போல, ஏறத்தாழ 100 மீட்டர் தொலைவுக்குள் இருந்தால்தான் ஒரு மனிதரின் அசைவை நாம் கண்டுகொள்கிறோம். முகபாவம் தெரிய 25 மீட்டருக்குள் வர வேண்டும். அந்த அளவை மீறிய வெளியில் ஐம்பது நாற்காலிகளைச் சீராகப் பரப்பி வைத்தால், கூட்டம் கலைந்த மாநாட்டுப் பந்தலைப் போல, ஏற்கனவே இருந்த வெறுமையை இரு மடங்காக்கிக் காட்டும். அங்கே செய்ய வேண்டியது ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் நிரப்புவது. சுற்றிலும் உள்ள கட்டடங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் அது அடுத்த சிக்கல். கதவோ சன்னலோ கடையோ இல்லாத நீண்ட சுவரின் பக்கம் யாரும் தங்குவதில்லை. மக்கள் ஓரங்களையே நாடுகிறார்கள், ஓரமே உயிரற்றதாக இருந்தால் நடுவில் என்ன போட்டாலும் பலன் இல்லை. நிழல் இல்லாத இடத்தில் எஃகு நாற்காலி நண்பகலில் அடுப்புத் தட்டாகவே ஆகிவிடும்; மரம் வளரும் வரை குடைகளோ துணிப் பந்தலோ கட்டாயம் தேவை.

பொருளாகப் பார்க்கும்போது இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, கைப்பிடி இல்லை. முழங்கால் வலியுள்ள முதியவர் உட்கார்ந்துவிடுவார், எழுந்திருக்கப் பிடிமானம் தேடுவார். இதே வரிசையில் கைப்பிடியோடு கிடைக்கும் நாற்காலிகள் சற்றே கனமானவை, சில மடங்காதவை. ஆனாலும் ஐந்தில் ஒரு பங்காவது அவற்றை வாங்க வேண்டும் என்பேன். அடுத்தது, மடிக்கும் மூட்டு. குழந்தைகள் நாற்காலியை மடக்கி விளையாடும்போது விரல் நசுங்கும் ஆபத்து உண்மையானது. வாங்குவதற்கு முன் மாதிரியை வரவழைத்து, விரித்த நிலையில் பூட்டிக்கொள்ளும் கொக்கி இருக்கிறதா என்று கையால் சோதித்துப் பார்க்க வேண்டும். கற்களுக்கு இடையிலான இணைப்பில் கால் இறங்கிச் சாய்வதும் உண்டு. கால்கள் தனித்தனி முனைகளாக இல்லாமல், தரையில் படியும் குறுக்குத் தண்டோடு வரும் வகை இதைப் பெரிதும் தவிர்க்கிறது. எஃகு கல்லில் உரசும் ஓசை இரவில் அருகிலுள்ள குடியிருப்புகளுக்குத் தொல்லையாகும். கடற்காற்று வீசும் ஊர்களில் வண்ணப்பூச்சு பெயர்ந்த இடத்தில் துரு ஏறும். அங்கே அலுமினியம் நல்லது, ஆனால் அது பலத்த காற்றில் புரண்டுவிடும். இரண்டையும் ஒருசேரச் சமாளிக்கும் நாற்காலி என் கண்ணில் படவில்லை.

'திருடிக்கொண்டு போய்விடுவார்கள்' என்ற ஐயம் எந்தக் கூட்டத்திலும் முதலில் எழும். ஆள் நடமாட்டமும் கண்காணிப்பும் உள்ள சதுக்கத்தில் இழப்பு அஞ்சும் அளவுக்கு இருப்பதில்லை. கடைசியில் அது வேலியையும் கண்காணிப்புக் கேமராவையும் பராமரிப்பதைவிடக் குறைந்த செலவே. ஆனால் அந்த அச்சத்தில் நாற்காலிகளைச் சங்கிலியால் பிணைத்துவிட்டால், வாங்கியதன் நோக்கமே கெட்டுவிடும். இதைவிட ஆழமான அச்சம் ஒன்று உண்டு. அதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. போக்கிடம் இல்லாதவர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்களோ என்பதே அது. அதற்காகத்தான் பல ஊர்களில் பெஞ்சுகளின் நடுவே இரும்புத் தடுப்புகளும், திண்டுகளின் மேல் முட்களும் பொருத்துகிறார்கள். அவர்களை விரட்டுவதற்காக இடத்தை வசதியற்றதாக்கினால் மற்றவர்களும் வருவதில்லை. எஞ்சுவது எந்தக் கூட்டத்தைக் கண்டு அஞ்சினார்களோ அதுவே. நிறைய பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு மூலையில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தால் அது யாருக்கும் இடைஞ்சலாக இருப்பதில்லை. ஓர் இடம் பாதுகாப்பாக இருக்கிறதா என்பதை அறிய, அங்கே தனியாக உட்கார்ந்திருப்பவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று பார்ப்பதே நம்பகமான வழி.

தொடக்கத்தில் சொன்ன ஆளைப் பற்றி இனிச் சொல்கிறேன். இந்த நாற்காலியை விற்பவர்கள் தரும் கையேட்டில் இவர் இருக்க மாட்டார், ஆனால் இவர் இல்லாமல் இது வேலை செய்யாது. காலையில் திறந்து விரிப்பது, உடைந்ததை ஒதுக்குவது, குப்பையை எடுப்பது, இரவில் மடக்கிப் பூட்டுவது என்பவை இவரது வேலைகள். இவற்றைவிட மதிப்புள்ள ஒரு வேலையும் உண்டு. பெரும்பாலான இடங்களில் அது வீணாகிறது. இரவில் அடுக்கத் தொடங்குவதற்கு முன் நாற்காலிகள் கிடக்கும் நிலையைப் பாருங்கள். வட்டமாக ஆறு நாற்காலிகள் கிடந்தால் ஒரு நட்புக் குழு இருந்து போயிருக்கிறது. மரத்தடியில் ஒன்றுக்கு எதிரே இன்னொன்று, அதன் இருக்கையில் செருப்புத் தடத்தோடு கிடந்தால், ஒருவர் காலை நீட்டிப் படித்திருக்கிறார். காலையில் நடுவில் வைத்த இருபதும் சுவரோரத்துக்குப் போயிருந்தால், நடுவில் நிழல் இல்லை என்று இருபது பேர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். கருத்துக்கணிப்புப் படிவம் எதிலும் இவ்வளவு நேர்மையான விடை கிடைக்காது. ஆனால் பணியாளர் வந்ததும் எல்லாவற்றையும் அளவு பிசகாமல் வரிசையில் அடுக்குவதையே ஒழுங்கு என்று கருதினால் இந்தச் செய்தி நாள்தோறும் அழிக்கப்படுகிறது. மறுநாள் வருபவரும் அந்த வரிசையைக் கலைக்கத் தயங்குகிறார். காலையில் விரிக்கும்போதே இரண்டு மூன்றாகக் குழுக்களாக, சற்றே கோணலாக வைத்துவிட வேண்டும். மடக்குவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைக்கச் சொன்னால் ஒரு மாதத்தில் சதுக்கத்தின் உண்மையான வரைபடம் கையில் இருக்கும்.

எத்தனை வாங்குவது என்பதற்கு நான் சொல்லும் வழி சிக்கனமானது. சதுக்கம் முழுவதற்கும் கணக்கிட்டு ஒரே தவணையில் வாங்காமல், மக்கள் ஏற்கனவே கடந்து போகும் பாதைக்கு அருகிலுள்ள ஒரே ஒரு மூலைக்கு முப்பது நாற்காலிகளும் எட்டு சிறு மேசைகளும் போதும். மாலையில் அவை முக்கால் பங்கு நிரம்பத் தொடங்கிய பிறகு அடுத்த முப்பதை வாங்கலாம். நிரம்பவில்லை என்றால் குறை நாற்காலியின் எண்ணிக்கையில் இல்லை, நிழலிலோ கழிப்பறையிலோ அருகில் குடிக்கத் தண்ணீர் இல்லாததிலோ இருக்கிறது. மேசைகளில் குறைந்தது இரண்டு, சக்கர நாற்காலியில் வருபவரின் முழங்கால் நுழையும் உயரத்தில் இருக்க வேண்டும். முதல் கொள்முதலோடு கால்முனை ரப்பர் குமிழ்களையும் மூட்டு ஆணிகளையும் உபரியாக வாங்கி வைத்துக்கொள்வது அவசியம். முதலில் தேய்பவையும் தொலைபவையும் அவையே, இரண்டு ஆண்டுகள் கழித்து அதே அளவில் தனியாகக் கேட்டால் கிடைப்பது கடினம்.